ஞாயிற்றுக்கிழமைக் கொலர்

1

என் கழுத்தைத் திறந்து மூடி இன்றோடு இரண்டு வருடம். தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, நசுங்கிப்போன தட்டு இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டு வைத்து, அது அசையாமல் இருக்க ஒரு தகடும் ஆணிகளும் போட்டார்கள். இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது, இனி நீங்கள் எங்களிடம் வரத் தேவையில்லை, நலமாக இருங்கள். மூன்று வரிதான். சந்தோஷப்பட்டு ஒரு கேக்காவது வாங்கி வெட்டியிருக்க வேண்டும். நான் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கடுகண்ணாவையில் இருக்கும் என் தம்பியை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

நோர்வேயின் மேற்குக் கரையில் மழை ஓயாத ஒரு சிறு நகரத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கணவர் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. ஒரே மகள் நிஷா படித்து முடித்து, விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் வேலை பார்க்கிறாள். இங்குள்ள தமிழர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்தவர்கள். நான் எங்கள் மலைநாட்டுப் பேச்சில் "வாங்க, போங்க" என்று தொடங்கினால் இன்றைக்கும் சிரிப்பார்கள். பகிடிதான், கோபப்பட ஒன்றுமில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் "வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி புலம்புகிறாள்" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். புலம்பல்தான்.

2

கழுத்தெலும்பு ஒட்டுவது எவ்வளவு மெதுவான வேலை என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வெட்டுக்காயம் பத்து நாளில் ஆறிவிடும். ஆணி பிடித்துக்கொண்டிருப்பதால் ஆளும் நடமாடலாம். ஆனால் வைத்த எலும்பும் நம்முடைய எலும்பும் ஒன்றாகப் பிடிக்க மாதக்கணக்காகும். அதுவரைக்கும் அந்த இடம் ஆடக் கூடாது.

எனக்கு விளக்கம் சொன்ன நர்ஸ் நல்ல பொறுமைசாலி. நோர்வே மொழியில் காலுக்கும் எலும்புக்கும் ஒரே சொல். அவள் எலும்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்ல, நான் காற்சட்டையை மேலே இழுத்து என் முழங்காலைக் காட்டினேன். இருவரும் சிரித்தோம், சிரித்தால் எனக்குத் தொண்டை வலித்தது. பிறகு அவள் ஒவ்வொன்றாக எழுதித் தந்தாள். கழுத்தைப் பிடித்து வைக்கும் கொலரைக் கழற்றக் கூடாது. கேத்தலுக்கு மேல் பாரமான எதையும் தூக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை நடக்க வேண்டும். முட்டை, மீன், பால். வலி மாத்திரைகளில் சிலவகை எலும்பு வளர்வதை மந்தமாக்கும், கேட்காமல் போடக் கூடாது. புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது கடினம். காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய்.

எல்லாவற்றையும் செய்தேன். குடை பிடித்தால் கழுத்து இழுக்கும் என்று மழையில் நனைந்துகொண்டே நடந்தேன். கொலரோடு படுத்து, கொலரோடு சாப்பிட்டு, தாடைக்குக் கீழே தோல் உரிந்தும் கழற்றவில்லை. நான் பிடிவாதக்காரி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு முறைதான் என் பிடிவாதத்தால் எனக்குப் பிரயோசனம் கிடைத்தது.

3

இந்த வருடத் தொடக்கத்தில் தம்பி ஜோசப்புக்கும் அதே ஒப்பரேஷன். கடுகண்ணாவை மெயின் ரோட்டில் அவனுக்கு டயர் கடை. முப்பது வருடமாக லொறி டயர்களைப் புரட்டிய கழுத்து. முதலில் விரல் மரத்தது, பிறகு தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது, கடைசியில் சட்டைப் பொத்தான் போட அவன் மனைவி ரீட்டாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது. டொக்டர் சொன்னவை அநேகமாக என் நர்ஸ் எழுதித் தந்தவையேதான். மூன்று மாதம் கொலர், பாரம் தூக்கவே கூடாது, சிகரெட் கூடாது.

அன்றிலிருந்து நானும் ஒரு டொக்டராகிவிட்டேன். என் கொலரைக் கழுவிக் காயவைத்து, நான்கு போத்தல் மீனெண்ணெயோடு ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ரீட்டாவுக்கு நெத்தலி, முட்டை, கீரை என்று வாரப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே பின்னேரம் நான்கு மணிக்கு வீடியோ அழைப்பு. ஜோசப் ஜன்னலோரக் கதிரையில் என் கொலரைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பான். முழு உடம்போடு திரும்பித்தான் ரீட்டாவைக் கூப்பிடுவான். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

இரண்டு முறை கொலரைத் தலைகீழாகப் போட்டிருந்தான். தாடை உட்காரும் கிண்ணம் கீழே நெஞ்சில் இருந்தது. நான் சொன்னதும் ரீட்டாவின் கை வந்து கழற்றித் திருப்பிப் போட்டது. பாவம், விளங்கவில்லை என்று நினைத்து, ஒரு தாளில் படம் வரைந்து அம்புக்குறி போட்டு அனுப்பினேன். இரவும் பகலும் போடுகிறவனுக்கு எந்தப் பக்கம் மேலே என்று கழுத்தே சொல்லிவிடும். எனக்குத் தெரியாததா? ஆனால் நம்ப வேண்டும் என்று இருப்பவளுக்குக் கண் தெரியாது.

4

ஸ்டெல்லா எங்கள் தெருப் பெண். இப்போது இத்தாலியில் இருக்கிறாள். தம்பியின் ஒப்பரேஷன் முடிந்து பத்தாவது வாரம் ஏதோ ஒரு சமையல் குறிப்புக் கேட்டுப் போன் எடுத்தவள், போகிற போக்கில் சொன்னாள்.

"ஜோசப் அண்ணன் நல்லா சுகமாயிட்டாரு போலக்கா. மாதா கூட்டை முன்னுக்குத் தூக்கிட்டு வர்றாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு."

எங்கள் கோயில் திருவிழாவில் மாதா சொரூபத்தை மரக்கூட்டில் வைத்து எட்டுப் பேர் தோளில் தூக்கிப் போவார்கள். மேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கி, திரும்ப அதே மேட்டில் ஏற வேண்டும். எட்டுப் பேருக்கும் இடம் குடும்பவாரியாக உண்டு. முன்னால் இடது பக்கம் எங்களுடையது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தபோது அந்த ஒரு நாளுக்கு மட்டும் லீவு கேட்டுச் சண்டை பிடிப்பார். அவருக்குப் பிறகு ஜோசப். இப்போதெல்லாம் கோயில் இளைஞர்கள் இந்தச் சுற்றுப்பிரகார ஊர்வலத்தை முகநூலில் நேரலையாகப் போடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்போம். இந்த வருடம் திருவிழாவன்று காலையில் ரீட்டா எனக்கு எழுதியிருந்தாள்: கடும் மழை, சிக்னல் இல்லை, லைவ் போட மாட்டார்களாம்.

ஸ்டெல்லாவிடம் அதைச் சொன்னேன். தான் ஒரு மணித்தியாலம் பார்த்ததாக அவள் மெதுவாகச் சொன்னாள்.

தேடி எடுத்துப் பார்த்தேன். மழை இருந்தது, அது பொய்யில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துவாயை மடித்து வைத்துக்கொண்டு, முன்னால் இடது பக்கத்தில் என் தம்பி. கூட்டின் தடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க, தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. வெட்டித் தைத்து எட்டே வாரமான கழுத்து. கொலர் இல்லை. மேட்டில் ஏறும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டதும் தெரிந்தது. பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நனைந்து நனைந்து ரீட்டா வருகிறாள். என் அண்டை அயல், என் சொந்தம், சின்ன வயதில் என்னோடு படித்தவர்கள், எல்லோரும் வருகிறார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு அழைத்தேன். கதிரை, ஜன்னல், கொலர். எப்படியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"அப்படியேதான்க்கா. வீட்டை விட்டு வெளிய எறங்கல" என்றான்.

முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நானும் நல்லது தம்பி, கவனம் என்றேன். எனக்கு அன்று அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

5

நேரில் போய்க் கேட்பது என்று முடிவெடுத்தேன். மூன்று மாத எக்ஸ்ரேக்கு அவன் கண்டிக்குப் போகும்போது நானும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலையிடத்தில் லீவுப் படிவம் தந்தார்கள். யாரைப் பராமரிக்கப் போகிறீர்கள் என்ற கேள்விக்குக் கீழே பிள்ளை, துணைவர், பெற்றோர் என்று மூன்று கட்டங்கள். தம்பிக்குக் கட்டம் இல்லை. கீழே ஒரு கட்டத்தை நானே பேனையால் கீறி, தம்பி என்று எழுதி அடையாளம் போட்டேன். மேற்பார்வையாளர் அதைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் வருடாந்த விடுமுறையில் பாதியை வெட்டிக்கொண்டு போனேன்.

போவது யாருக்கும் தெரியக் கூடாது. நிஷாவுக்கு மட்டும் சொன்னேன், விமானத்தில் போகும்போது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. நான் தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் சொல்லும் பிள்ளை அவள். ஊர்ப் பேச்சை எடுத்தால் போனைப் பார்க்கத் தொடங்குவாள். அவளுக்குச் சொன்னால் சுவருக்குச் சொன்ன மாதிரி என்று நினைத்தேன். மாமாவுக்குச் சொல்லாதே என்று இரண்டு முறை சொன்னேன், சரி என்றாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேன் பிடித்து, பகல் பன்னிரண்டு மணியளவில் வீட்டு முன்னால் இறங்கினேன். கேட்டைத் திறந்தது ஜோசப். கழுத்தில் என் கொலர். தாடை சரியாகக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது.

"அட, அக்காவா" என்றான். ஆச்சரியப்படுவது அவனுக்குச் சரியாக வரவில்லை.

நான் ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தேன். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ரீட்டாவின் போனைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மறுக்கவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருப்பது எனக்குத் தெரியும். "குடும்பம்" என்று பெயர் வைத்ததே நான்தான். பூப்படமும் ஜெபமும் பிறந்தநாள் வாழ்த்தும் அதில் வரும். ரீட்டாவின் போனில் அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. அதன் பெயர் "வீடு". ஜோசப், ரீட்டா, கட்டாரில் இருக்கும் அவர்கள் மகன், என் மகள். நான் இல்லை.

நிஷா காலையில் எழுதியிருந்தாள். இங்கிலிஷ் எழுத்தில், ஆனால் சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில். "மாமா கொலரைப் போட்டுக்கோங்க, அம்மா பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்திருவாங்க." நான் விரலால் தள்ளித் தள்ளி மேலே போனேன். மாமாவைச் சீண்டுகிறாள், அத்தையிடம் கறி வைக்கும் விதம் கேட்கிறாள், தன் வேலைப் பிரச்சினையைச் சொல்லி அழுகிறாள். அவளுக்கு வேலையிடத்தில் ஒரு பிரச்சினை இருந்ததே எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது என்று நான் ஊரெல்லாம் ஒப்பாரி வைத்திருந்தேன். அது எங்கேயும் போகவில்லை. என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

அலுமாரியைத் திறந்தேன். நான்கு போத்தல் மீனெண்ணெயும் மூடி திறக்காமல் வரிசையாக இருந்தன.

6

சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் கேட்டேன். சத்தம் போட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, அதற்கும் நான் குரலைக் குறைக்கவில்லை. என்னை ஏன் ஏமாற்றினீர்கள், நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன் என்றெல்லாம் கேட்டேன். சொன்னால் நான் ஏசுவேன் என்று ரீட்டா சொன்னாள். இப்போது மட்டும் கொஞ்சுகிறேனா என்று கேட்டேன். சிகரெட்டை மட்டும் உண்மையாகவே விட்டுவிட்டான் என்று மாதா மேல் சத்தியம் செய்தாள். அவளுடைய சத்தியத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜோசப் கொலரைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"எட்டுப் பேர் தூக்கணும்க்கா. என் மகன் கட்டார்ல. ஸ்டெல்லா வீட்டு ஆம்பளைங்க எல்லாம் இத்தாலில. என்னை விட்டா இந்த ரோட்டுல தோள் குடுக்கிறதுக்கு ஏழு பேர்தான் மிச்சம். போனவங்க எல்லாரும் லைவ்ல பாக்குறீங்க. யாரு தூக்குறது?"

லொறியில் வைத்துக் கொண்டுபோயிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

ரீட்டா போனை என் கையிலிருந்து வாங்கி, எதையோ தேடி எடுத்துத் திரும்பத் தந்தாள். போன வருடத் திருவிழா நேரலை. அந்த வருடம் ஆள் போதாமல் மாதாவை ஒரு சின்ன லொறியில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். கீழே என் பெயரும் என் படமும். "மாதாவை லொறியில் ஏற்றும் அளவுக்கு ஊரில் ஆண்பிள்ளைகள் இல்லையா? அப்பா உயிரோடு இருந்தால் இது நடக்குமா?" அதற்குக் கீழே கனடா, இத்தாலி, கட்டார் என்று நாலா பக்கத்திலிருந்தும் கைதட்டல்கள்.

எழுதியது நான்தான். எழுதி மறந்தும் போயிருந்தேன். கழுத்து வைத்தியத்துக்காக வேலைக்குப் போகாமல் சோபாவில் கிடந்த காலம், பொழுது போகாமல் எழுதியிருப்பேன்.

"ஊர்ல அத வாசிக்காத ஆள் இல்ல" என்றாள் ரீட்டா. "ரெண்டு மாசம் கடைக்கு வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க."

வெட்கமாக இருந்தது. ஆனால் கோபம் குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நான் எழுதியது பிழைதான், அதற்காக என்னிடம் வந்து ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே. ஏசுவதற்குக் கூட நான் அவர்களுக்கு ஆளாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஒரு கதிரையும் ஒரு கொலரும் எனக்குப் போதும் என்று நால்வரும் கூடித் தீர்மானித்திருக்கிறார்கள்.

7

மறுநாள் மூவரும் கண்டிக்குப் போனோம். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு டொக்டர் வெகுநேரம் பார்த்தார். சிங்களத்தில்தான் பேசினார், மரியாதையான மனிதர். எலும்புக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. இந்த நேரத்துக்கு அது மங்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். கீழ் ஆணி ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. பாரம் ஏதும் தூக்கினீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றான் ஜோசப்.

கொலர் தொடர்ந்து போட்டீர்களா என்றார். ஆமாம் என்றான். டொக்டர் எழுதத் தொடங்கினார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். துருப்பிடித்த என் சிங்களத்தில், இவர் சொல்வது பொய், எட்டாவது வாரம் கோயில் பெரஹரவில் மாதாவைத் தோளில் தூக்கினார் என்று சொன்னேன். ஊர்வலத்தைப் பெரஹர என்று சொன்னதும் கண்டி டொக்டருக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. பேனையை வைத்துவிட்டு ஜோசப்பை மட்டும் பார்த்தார். இன்னும் மூன்று மாதம், இரவும் பகலும் கொலர், கடைக்குப் போகவே கூடாது, இரத்தத்தில் விற்றமின் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒட்டாவிட்டால் இந்த முறை பிடரிப் பக்கமாகத் திறந்து கம்பி போட வேண்டும். அப்போது கை சரியாக வருமா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும் வழியில் வேனுக்குள் ரீட்டா அழுதுகொண்டே வந்தாள். பேராதனை தாண்டியதும் ஜோசப் முழு உடம்போடு என் பக்கம் திரும்பினான்.

"டொக்டர் முன்னால என்னைப் பொய்க்காரனாக்கிட்டீங்க" என்றான்.

"நீ பொய்க்காரன்தானே" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் நான் கொடுத்த மீனெண்ணெயை என் முன்னால் குடித்தான், நான் சொன்ன நேரத்துக்கு நடந்தான், கொலரோடு படுத்தான். ஆனால் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

8

போன வியாழக்கிழமை அடுத்த எக்ஸ்ரே. வேலையிடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே போனைப் பார்த்தபடி இருந்தேன். பகலில் "குடும்பம்" குழுவில் ரீட்டாவின் செய்தி வந்தது. எலும்பு ஒட்டிவிட்டது, டொக்டருக்கு ரொம்பச் சந்தோஷம், மாதாவுக்கு நன்றி. கூப்பிய கைகள், மெழுகுவர்த்திகள். ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், கையில் கத்தியோடு நின்று அழுதேன். கூட வேலை செய்பவள் ஓடி வந்து என்ன என்று கேட்டாள்.

பிறகு எக்ஸ்ரே படத்தை அனுப்பச் சொல்லி எழுதினேன். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்று பதில் வந்தது. ஜோசப்பை அழைத்தேன், எடுக்கவில்லை. ரீட்டா எடுத்து, தூங்குகிறார் அக்கா என்றாள். அங்கே அப்போது பின்னேரம் ஐந்து மணி.

நிஷாவை அழைத்தேன். மாமாவின் எலும்பு ஒட்டியதா என்று கேட்டேன். ரீட்டா அத்தைதான் எழுதினாங்களே என்றாள், நோர்வே மொழியில். அவர்கள் மற்றக் குழுவில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். வேலை இருக்கிறது, வைக்கிறேன் என்றாள். நான் கெஞ்சினேன். என் மகளிடம் நான் அப்படிக் கெஞ்சியது அதுவே முதல் தடவை. ஏச மாட்டேன், யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டேன், என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிடு, சும்மா வாசிக்க மட்டும் என்றேன்.

"சேக்கலாம்மா" என்றாள் தமிழில். குரலில் கோபம் இல்லை, அலுப்புக் கூட இல்லை. "ஆனா அப்புறம் நாங்க வேற ஒண்ணு தொடங்கணும்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது "குடும்பம்" குழுவைத் திறந்து, மிகவும் சந்தோஷம் தம்பி, மாதா கைவிட மாட்டாள், நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதி ஒரு இதயமும் போட்டேன். நால்வரும் உடனே பார்த்தார்கள். ரீட்டா கூப்பிய கைகளை அனுப்பினாள், நிஷா ஒரு பூ அனுப்பினாள். ஜோசப் மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக "நன்றி அக்கா" என்று எழுதினான். எலும்பு ஒட்டியதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.